ஸ்கேனை யார் படித்தது என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்

தம்பி வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தவன் பாதிச் சொல்லில் நின்றுவிட்டான். வலது வாய்க்கோடி இழுத்துக்கொண்டது, பிறகு வலது கை துடிக்க ஆரம்பித்தது. கண்கள் என்னையே பார்க்கின்றன, நான் கேட்பது அவனுக்குப் புரிகிறது, பதில்தான் வரவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்காது. அதற்குள் எத்தனை தடவை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. அவனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அப்பா, அம்மா இருவரும் இல்லை. அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

அதற்குப் பிறகு இந்த இரண்டு வருடத்தில் பதினோரு மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. பெரும்பாலானவர்களின் பெயர்ப்பலகையில் 'நியூரோ' என்ற சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வேறு வேறு படிப்பு, எத்தனை வேறு வேறு அன்றாட வேலை ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் முதல் ஏழு வாரங்களை இழந்தேன். கையிலிருந்த சேமிப்பில் கால்பங்கு, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே போய்விட்டது. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "இவர் இதைப் படித்தவர், இவர் தினமும் செய்வது இது" என்று சொல்லியிருந்தால் அந்த ஏழு வாரம் மிஞ்சியிருக்கும். எனக்கு அப்படி யாரும் இல்லை. உங்களுக்காவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இதில் உள்ளவை நான் பட்டுத் தெரிந்துகொண்டதும், மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு உறுதிசெய்துகொண்டதும்.

முதல் நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் சி.டி. எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, ஆனால் இடது பக்கம் முன்மூளையில் ஒரு இடம் மங்கலாக இருக்கிறது என்றார்கள். வலிப்பு மாத்திரை கொடுத்து, எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அருகிலிருந்த ஸ்கேன் மையத்தில் அன்றே இடம் கிடைத்தது. கட்டி போன்றவற்றைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்க எனக்குத் தெரியவும் இல்லை. மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் மொத்தமே மூன்று வரிகள். இடது முன்மூளையில் ஒரு மாற்றம், ரத்தக்குழாய் அடைப்பாகவோ தீவிரம் குறைந்த கட்டியாகவோ இருக்கலாம், நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். அடைப்பும் கட்டியும் ஒரே வாக்கியத்தில்! அந்தக் கடைசி வரியை எல்லா ரிப்போர்ட்டிலும் வரும் சம்பிரதாயம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். படித்தவருக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் பொருள் என்று பின்னால்தான் புரிந்தது. அடைப்பு என்று ஒரு சந்தேகம் எழுதப்பட்டிருந்ததால் தம்பிக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் அதை நிறுத்திக் காத்திருக்க வேண்டியிருந்தது தனிக்கதை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே இந்த வித்தியாசம் தெரியாது. ஸ்கேன் அறையில் நம்மைப் படுக்கவைத்து இயந்திரத்தை இயக்குபவர் டெக்னீஷியன். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட், அவர் முழு மருத்துவர். நாம் அவரைப் பார்ப்பதே இல்லை. பல இடங்களில் அவர் அந்தக் கட்டடத்திலேயே இருப்பதில்லை, வேறெங்கோ உட்கார்ந்து கணினியில் பார்க்கிறார். பொது ரேடியாலஜிஸ்ட் ஒரே நாளில் நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட், முழங்கால் எம்.ஆர்.ஐ., நடுவில் ஒரு மூளை என்று பார்ப்பவர். அவர் செய்வது லேசான வேலை அல்ல. ஆனால் மூளைக்கட்டி அவர் கண்ணில் தினமும் படுவதில்லை. மூளை, தண்டுவடம் இவற்றின் படங்களை மட்டுமே பார்ப்பதற்கென்று மேற்கொண்டு பயிற்சி எடுத்தவர் நியூரோரேடியாலஜிஸ்ட். நம் உயிரைப் பற்றிய முதல் தீர்மானத்தை எழுதுகிறவர் இந்த இருவரில் யார் என்று ரிப்போர்ட்டின் அடியில் உள்ள கையெழுத்தையும் பட்டத்தையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நான் அந்த ரிப்போர்ட்டை நூறு தடவை படித்திருப்பேன். கையெழுத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டோடு தெரிந்தவர்கள் சொன்ன ஒரு நியூரோசர்ஜனிடம் போனோம். நல்ல பெயர் உள்ளவர், வெளியே உட்கார இடமில்லாத கூட்டம். ஐந்து நிமிடம் பார்த்தார். "ஓபன் பண்ணி எடுத்துடலாம், அடுத்த வாரம் அட்மிட் ஆயிடுங்க" என்றார். பேச்சு வருகிற பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "பேச்சு கொஞ்சம் பாதிக்கலாம், உயிர்தானே முக்கியம்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து முன்பணம் கட்டினேன். அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் கட்டியிருப்பேன். அப்படி ஒரு பயம்.

அன்று மாலை அந்தக் காத்திருப்பு அறையில் என் பக்கத்தில் இருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். இடுப்பில் பெல்ட் கட்டியவர்கள், கழுத்துப் பட்டை போட்டவர்கள், வட்டு விலகி ஆபரேஷன் ஆனவர்கள். தலையில் தையலோடு ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. தூக்கம் வராமல் அந்த மருத்துவரின் விவரங்களைத் தேடிப் படித்தேன். எடுத்த சிறப்புப் பயிற்சி முதுகெலும்பில், எழுதிய கட்டுரைகள் முதுகெலும்பில், பேசிய கருத்தரங்குகள் முதுகெலும்பில். நியூரோசர்ஜரி என்ற படிப்பு மூளை, தண்டுவடம், நரம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் மருத்துவப் பட்டத்துக்குப் பின் 7 ஆண்டுகள், பிரிட்டனில் சுமார் 8 ஆண்டுகள், இந்தியாவில் பொது அறுவை எம்.எஸ். முடித்து 3 ஆண்டு எம்.சி.எச். என்ற மேற்படிப்பு, அல்லது நேரடியாக 6 ஆண்டு. அதை முடித்த எவரும் மூளையைத் திறக்கத் தகுதி உள்ளவர்தான். ஆனால் முடித்தபின் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் போகிறார்கள். பலருடைய அன்றாடம் முழுக்க முதுகெலும்பாகிவிடுகிறது. சிலர் ரத்தக்குழாய், சிலர் குழந்தைகள், சிலர் கட்டி. பட்டம் எல்லோருக்கும் ஒன்று, கை பழகியிருக்கும் இடம் வேறு. இது பட்டத்தைப் பார்த்துத் தெரிவதில்லை, கேட்டால்தான் தெரியும்.

மறுநாள் போய்க் கேட்டேன். கேட்கும்போது குரல் நடுங்கியது, அவமரியாதை ஆகிவிடுமோ என்று. "சார், இந்த மாதிரி கட்டி ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்ணுவீங்க?" அவர் கோபப்படவில்லை. சற்று யோசித்து, "அஞ்சாறு இருக்கும்" என்றார். நான் முன்பணத்தைத் திரும்பக் கேட்டேன். ஒரு பகுதி பிடித்துக்கொண்டார்கள், அதோடு விட்டேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு முதுகெலும்பில் பிரச்சினை என்றால் அவரிடமே போவேன். கேட்க வேண்டிய கேள்வியைப் பணம் கட்டிய பிறகு கேட்டேனே என்பதுதான் வருத்தம். நீங்கள் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். உங்கள் அறுவைகளில் மூளைக்கட்டி எவ்வளவு, அதிலும் மூளைக்குள்ளேயே முளைக்கிற கிளையோமா எவ்வளவு, பேசவைத்துக்கொண்டே செய்யும் அறுவை உங்கள் குழுவில் செய்வதுண்டா, கட்டிகளைப் பற்றிக் கூடிப் பேசும் மருத்துவர் குழு வாரம்தோறும் கூடுகிறதா? இந்த நான்கும் போதும். நல்ல மருத்துவர் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த தவறும் 'நியூரோ' என்ற சொல்லால் வந்ததுதான். நியூரோரேடியாலஜிஸ்ட் ஒருவரிடம் படத்தைக் காட்ட வேண்டும் என்ற அளவுக்கு விஷயம் தெரிந்துகொண்டேன். ஒரு பெயர் கிடைத்தது, நேரம் வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் இன்டர்வென்ஷனல் நியூரோரேடியாலஜிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் செலுத்தி மூளையிலிருக்கும் ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுப்பது, வீங்கிய ரத்தக்குழாயைச் சுருள்கம்பி வைத்து அடைப்பது, இவைதான் அவருடைய அன்றாடம். அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன். படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது அடைப்பு இல்லம்மா, அதை என்னால உறுதியா சொல்ல முடியும். அடைப்புன்னா ஒரு ரத்தக்குழாய் போற பகுதிக்குள்ள இருக்கும், இது அந்த எல்லைய மதிக்கல. ஆனா என்ன கட்டின்னு சொல்ற வேலை என் கை தினமும் பழகினது இல்ல. நான் ஒருத்தர எழுதித் தரேன், அவங்ககிட்ட போங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மருத்துவரை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஏழாவது வாரம், சீட்டில் பெயர் இருந்த அந்த நியூரோரேடியாலஜிஸ்ட் அம்மாவின் அறைக்குப் போனேன். ஜன்னல் இல்லாத இருட்டறை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய திரைகள். நான் ஃபிலிமை நீட்டினேன். "ஃபிலிம் வேணாம், டிஸ்க் இருக்கா?" என்றார். நல்லவேளை, பையில் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் என்பது சில படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டது. மொபைலில் எடுத்த போட்டோ அதைவிட மோசம். ஸ்கேன் மையத்தில் 'டைகாம் கோப்பு முழுவதும் வேண்டும்' என்று கேட்டு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ வாங்குங்கள். எல்லா அடுக்கும் அதில்தான் இருக்கும், வேறு ஒருவர் புதிதாகப் பார்த்து ரிப்போர்ட் எழுத அது வேண்டும்.

அவர் முதலில் படத்தைத் திறக்கவில்லை. என்னிடம் கேள்வி கேட்டார். வலிப்பு எந்தப் பக்கம் ஆரம்பித்தது, பேச்சு நின்றதா, காய்ச்சல் இருந்ததா, ஸ்டீராய்டு ஏதாவது கொடுத்தார்களா? ஸ்டீராய்டு கொடுக்கவில்லை என்றதும், "நல்லது" என்றார். ஏன் என்று கேட்டேன். லிம்போமா என்று ஒரு வகை மூளைக்கட்டி ஸ்டீராய்டு கொடுத்தால் தற்காலிகமாகக் கரைந்து, படத்திலும், திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சியிலும் பிடிபடாமல் போய்விடலாமாம். மற்றக் கட்டிகளிலும் ஸ்டீராய்டு வீக்கத்தையும் கான்ட்ராஸ்ட் ஏறுவதையும் குறைத்து, படத்தை மாற்றிக் காட்டும். கட்டி வீங்கி உயிருக்கு ஆபத்து என்றால் கொடுத்தே ஆக வேண்டும், அதில் கேள்வியே இல்லை. கொடுத்திருந்தால் எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு என்று படம் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

பிறகு இரண்டு திரையிலும் இரண்டு வகைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று டி2, இன்னொன்று ஃப்ளேர். ஒரே மூளை, ஒரே அடுக்கு. டி2 படத்தில் தம்பியின் கட்டி முழுவதும் வெள்ளையாக, ஒரே சீராகத் தெரிந்தது. ஃப்ளேர் படத்தில் அதே இடம் உள்ளே இருண்டு, சுற்றிலும் மெல்லிய வெள்ளை விளிம்பு மட்டும் மோதிரம்போல் நின்றது. பென்சில் முனையால் அந்த விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "இந்த ரெண்டும் ஒத்துப்போகல பாருங்க. டி2 ஃப்ளேர் மிஸ்மேட்ச்னு பேரு. இப்படித் தெரிஞ்சா பெரும்பாலும் ஐ.டி.ஹெச்.னு ஒரு மரபணுவுல மாற்றம் உள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா, கிளையோமாவுல ஒரு வகை. திசுவை எடுத்துப் பார்த்தாத்தான் முடிவு, ஆனா நான் அடைப்புன்னு எழுதமாட்டேன்." இந்த அடையாளத்தைப் பற்றிய ஆய்வு 2017ல்தான் வெளிவந்தது என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். எந்த டிஸ்க்கை வைத்து மூன்று வரி ரிப்போர்ட் எழுதப்பட்டதோ அதே டிஸ்க். புதிதாக ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஏழு வாரமாக என் பைக்குள் கிடந்த அதே படத்தில் பதில் இருந்தது. அதைப் பார்க்கப் பழகிய கண் வேண்டியிருந்தது.

அவருடைய படிப்பு எப்படிப் போயிற்று என்று நான் கேட்க, பொறுமையாகச் சொன்னார். மருத்துவப் பட்டம், பிறகு ரேடியாலஜி, பிறகு மூளைப் படங்களுக்கென்றே தனிப் பயிற்சி. நாட்டுக்கு நாடு வழி மாறும். இந்தியாவில் எம்.டி. ரேடியாலஜி 3 ஆண்டு முடித்தபின் சில நிறுவனங்களில் நியூரோரேடியாலஜியில் 3 ஆண்டு டி.எம். மேற்படிப்பு இருக்கிறது, ஓரிரு ஆண்டு ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி வழியாகவும் வருகிறார்கள். அமெரிக்காவில் ஓராண்டு பொதுப் பயிற்சி, 4 ஆண்டு ரேடியாலஜி, பிறகு நியூரோரேடியாலஜி ஃபெலோஷிப், அதற்கென்று தனித் தேர்வும் உண்டு. பிரிட்டனில் எஃப்.ஆர்.சி.ஆர். என்ற ரேடியாலஜித் தேர்ச்சியோடு பயிற்சியின் பிற்பகுதியை நியூரோவுக்கு ஒதுக்குகிறார்கள். ஐரோப்பிய நியூரோரேடியாலஜி சங்கம் தனியாக ஒரு டிப்ளமா தேர்வு நடத்துகிறது. இவற்றையெல்லாம் நாமே சரிபார்க்கலாம். பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் ஒரு மருத்துவர் எந்தத் துறை நிபுணர் என்பது இணையத்திலேயே தெரியும். இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பதிவான பட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் நிபுணர் வாரியங்களின் சான்றிதழைப் பெயர் போட்டுத் தேடலாம். பெயருக்குப் பின்னால் வரிசையாக எழுத்துகள் இருந்தால் ஒவ்வொன்றும் எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று பாருங்கள். இரண்டு வாரம் பார்வையாளராக இருந்துவிட்டு வந்ததும், மூன்று வருடம் இரவு பகலாகப் படித்ததும் பலகையில் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் மருத்துவரின் பெயரைப் போட்டு அவர் எதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதும் ஒரு வழி. எழுதாத நல்ல மருத்துவர்களும் ஏராளம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். என் முதல் சர்ஜன் விஷயத்தில் இதுதான் என் கண்ணைத் திறந்தது.

நியூரோரேடியாலஜிஸ்ட் அம்மா சொல்லி மறுபடி முழு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இந்தத் தடவை கான்ட்ராஸ்டோடு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷனோடு, திசுவின் ரசாயனத்தைக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியோடு. முதலிலேயே சரியான முறையில் எடுத்திருந்தால் இரண்டாவது செலவு இல்லை. மூளைக்கட்டி சந்தேகம் என்று தெரிந்த பிறகு எம்.ஆர்.ஐ.க்குப் போனால், 'கட்டிக்கான முறையில் எடுக்கிறீர்களா, கான்ட்ராஸ்ட் உண்டா' என்று முன்கூட்டியே கேளுங்கள். சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பேச்சுப் பகுதி எங்கே என்று பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யும், நரம்பு இழைகள் கட்டியைச் சுற்றி எப்படிப் போகின்றன என்று காட்டும் படமும் அறுவைக்கு முன் எடுத்தார்கள்.

அவர் அனுப்பிய சர்ஜன் கட்டி அறுவையையே தன் வேலையாக வைத்திருப்பவர். தம்பியை விழிப்போடு வைத்து அறுவை செய்தார்கள். மூளைக்கு வலி தெரியாது, தலைத்தோலுக்குத்தான் மரத்துப்போக ஊசி. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்களாம். மின்முனையால் ஒரு இடத்தைத் தொட்டபோது திரையில் குடை. "குடைன்னு எனக்குத் தெரியுதுக்கா, எடுத்து விரிக்கிற மாதிரி கையால காட்டிடுவேன்போல இருக்கு. அந்தச் சொல் மட்டும் வாய்க்கு வரல" என்று பிறகு சொன்னான். அந்த இடத்தை அவர்கள் தொடாமல் விட்டார்கள். பேச்சு கொஞ்சம் பாதிக்கலாம், உயிர்தானே முக்கியம் என்று கேட்டுவிட்டு நான் முன்பணம் கட்டியது அப்போது ஞாபகம் வந்து உடம்பு நடுங்கியது. அவன் இன்று பேசுகிறான். வேகமாகப் பேசும்போது ஒரு சொல்லுக்காக ஒரு நொடி நிற்பான், அவ்வளவுதான். அறுவைக்குப் பிறகு மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாள் கடந்தால் அறுவைக் காயமே கான்ட்ராஸ்டில் பளிச்சென்று தெரிய ஆரம்பித்து, மிச்சக் கட்டி எது, காயம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். பின்னால் வரும் எல்லா ஸ்கேனும் இதோடுதான் ஒப்பிடப்படும்.

அடுத்து நான் எதிர்பார்க்காத இடத்தில் மூன்று வாரம் போயிற்று. திசுவைப் பார்த்து எழுதும் பேத்தாலஜிஸ்ட் பத்து நாளில் ரிப்போர்ட் கொடுத்தார், ஆஸ்ட்ரோசைட்டோமா, தீவிரத்தில் கிரேடு 3 என்று. ஆனால் மரபணுச் சோதனைகள் அதில் முழுமையாக இல்லை. 2016ல் உலக சுகாதார நிறுவனம் மூளைக்கட்டிகளைப் பிரிக்கும் முறையில் மரபணு மாற்றங்களைச் சேர்த்தது. 2021ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவை இன்னும் முக்கியமாகிவிட்டன. நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகள் ஐ.டி.ஹெச். மாற்றம் உள்ளதா இல்லையா என்பதைப் பொறுத்து இரண்டு தனி நோய்கள், வாழ்நாள் கணக்கே வேறு. இந்த மாற்றம் கிளையோமாவில் இருப்பதே 2008ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மூளைத் திசுவுக்கென்றே பழகிய நியூரோபேத்தாலஜிஸ்ட் என்று ஒரு துறை இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருக்கும் திசுவை வாங்கி இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருந்தோம். அந்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கலாம், மறு கருத்துக்கு அனுப்பலாம். அறுவைக்கு முன்பே 'திசு எங்கே போகும், மரபணுச் சோதனை அங்கேயே உண்டா' என்று கேட்டிருந்தால் இந்த மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும்.

மருந்து யார் கொடுப்பது என்பதிலும் எனக்குக் குழப்பம். நியூரோ ஆன்காலஜிஸ்ட் என்ற பெயரில் இருப்பவர் எந்தப் படிப்பிலிருந்தும் வந்திருக்கலாம். அமெரிக்காவில் நரம்பியல் படித்துவிட்டு மேற்கொண்டு இதில் பயிற்சி எடுத்தவர்கள் அதிகம். ஜெர்மனியில் நரம்பியல் மருத்துவர்களும் நியூரோசர்ஜன்களும் கீமோ கொடுப்பதுண்டு. பிரிட்டனில் கிளினிகல் ஆன்காலஜிஸ்ட் என்ற புற்றுநோய் மருத்துவர் ஒருவரே கதிர்வீச்சும் கீமோவும் இரண்டும் பார்க்கிறார். இதில் எந்த வழி உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். வலிப்பு மருந்தை யார் சரிசெய்வார், ரத்த அணு குறைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒன்று கைவந்ததாக இருக்கும், இன்னொன்றுக்கு அவரே வேறொருவரைச் சொல்வார். தம்பிக்கு 33 தடவை கதிர்வீச்சு, பிறகு மாதம் ஐந்து நாள் டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரை.

கதிர்வீச்சு முடிந்து ஐந்து வாரத்தில் எடுத்த ஸ்கேன்தான் என்னை உடைத்துப்போட்டது. அலைச்சல் வேண்டாம் என்று வீட்டுக்கு அருகில் எடுத்தேன். ரிப்போர்ட்டில் 'கட்டி மீண்டும் வளர்ந்துள்ளது' என்று இருந்தது. கட்டி இருந்த இடத்தின் ஓரத்தில் புதிதாகக் கான்ட்ராஸ்ட் ஏறியிருந்தது. இன்னொரு அறுவை, வேறு மருந்து என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. தம்பி அன்று இரவு தன் வங்கிக் கணக்கு விவரங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி என்னிடம் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மறுநாள் டிஸ்க்கோடு அதே இருட்டறை. அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. "ரேடியேஷன் என்னைக்கு முடிஞ்சுது?" தேதி சொன்னேன். "ரேடியேஷன் பிளான் படம் இருக்கா?" அது என்னவென்றே எனக்குத் தெரியாது. அவரே கதிர்வீச்சுப் பிரிவுக்குப் பேசி வரவழைத்தார். எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் போனது என்று வண்ணக் கோடுகளாக இருக்கும் வரைபடம் அது. புதிய வெள்ளைப் பகுதி முழுக்கவும் அதிகக் கதிர் பட்ட கோட்டுக்குள்ளேயே இருந்தது. பெர்ஃப்யூஷனும் எடுத்துப் பார்த்தார், ரத்த ஓட்டம் கூடவில்லை. கதிர்வீச்சின் தாக்கத்தால் திசு வீங்கி, கட்டி வளர்ந்ததுபோலவே தெரிவது உண்டு, போலி வளர்ச்சி. சிகிச்சைக்குப் பின் கட்டி வளர்ந்ததா, குறைந்ததா என்று முடிவு செய்ய 2010ல் நிபுணர்கள் கூடி வகுத்த ரானோ அளவுகோலே கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரங்களுக்குள் கட்டி வளர்ந்துவிட்டதாக எழுத அவசரப்படக் கூடாது என்கிறது. அப்படி எழுத வேண்டுமானால் அதிகக் கதிர் பட்ட பகுதிக்கு வெளியே புதிதாக வந்திருக்க வேண்டும், அல்லது திசு எடுத்து உறுதிசெய்திருக்க வேண்டும். அருகிலிருந்த மையத்தில் ரிப்போர்ட் எழுதியவரையும் குறை சொல்ல முடியாது. கதிர்வீச்சு எப்போது முடிந்தது என்று ஸ்கேன் விண்ணப்பத் தாளில் யாரும் எழுதியிருக்கவில்லை. 'மூளைக்கட்டி, அறுவைக்குப் பின்' என்று மட்டும் இருந்தது. அதை நிரப்பும்போது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மருந்தைத் தொடர்ந்துகொண்டே எட்டு வாரம் காத்திருக்கச் சொன்னார். அந்த எட்டு வாரத்தை எப்படிக் கடத்தினேன் என்று எழுதத் தெரியவில்லை. அவன் ஒரு பக்கம் கண் சிவந்து எழுந்தால், ஒரு சொல்லுக்கு நின்றால், இரவில் முனகினால் என் நெஞ்சு நின்றுவிடும். இரவுகளில் படித்துக்கொண்டே இருந்தேன். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சி.டி. எடுத்தார்கள், மூளைக்கட்டி சந்தேகத்தில் வந்த ஒரு பெண்மணிக்கு. இயந்திரத்தைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்ட் மருத்துவரே இல்லை, பொறியாளர். எம்.ஆர்.ஐ.க்காக 2003ல் நோபல் வாங்கிய லாட்டர்பர் வேதியியலாளர், மான்ஸ்ஃபீல்ட் இயற்பியலாளர். இத்தனை பேர் சேர்ந்து தலைக்குள் பார்க்க வழி செய்து கொடுத்திருக்கிறார்கள், பார்த்ததைச் சரியாகச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தாரே என்று அந்த இருட்டறை அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

எட்டு வாரத்துக்குப் பின் எடுத்த ஸ்கேனில் அந்த வெள்ளைப் பகுதி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அடுத்ததில் தழும்புபோல ஒரு கோடு. அறுவைக்குத் தேதி குறித்திருந்தால் தேவையில்லாமல் அவன் தலையை இன்னொரு முறை திறந்திருப்பார்கள். எல்லோருக்கும் இப்படிச் சுருங்கும் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே வளர்ந்திருக்கும் சமயங்களும் உண்டு, அப்போது காத்திருப்பது தவறாகப் போகும். அதைப் பிரித்துச் சொல்லத்தான் அதற்கென்று பழகியவரிடம் போங்கள் என்கிறேன். நேரில் போக முடியாத தூரம் என்றாலும், டைகாம் கோப்பை அனுப்பி மறு ரிப்போர்ட் வாங்குகிற வசதி இன்று பல பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

அதன் பிறகு நான் ஒரு தாள் தயார் செய்தேன். ஒரே பக்கம். வலிப்பு வந்த தேதி, அறுவைத் தேதி, திசு முடிவும் மரபணு முடிவும், கதிர்வீச்சு தொடங்கிய நாள், முடிந்த நாள், மொத்தம் எத்தனை, மாத்திரை எந்தச் சுற்றில் இருக்கிறது, ஸ்டீராய்டு எப்போதெல்லாம் கொடுத்தார்கள், முந்தைய ஸ்கேன்கள் எங்கே எடுத்தவை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அதை விண்ணப்பத் தாளோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுக்கிறேன், பழைய டிஸ்க்குகளையும் கொண்டுபோகிறேன். பழைய படத்தோடு ஒப்பிடாத ரிப்போர்ட்டை ஏற்பதில்லை, ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

போன வாரம் மறுபடி ஸ்கேன். பன்னிரண்டு சுற்று மாத்திரையும் முடிந்த பிறகு எடுக்கும் மூன்றாவது ஸ்கேன் இது. நான் கவுண்டரில் நின்றபோது தம்பியே அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கடைசி வரிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதி, அதற்கு நேராக 'வலிப்பு இல்லை, 14 மாதம்' என்று எழுதினான். பின் அடிக்கும் மெஷினைக் கேட்டான். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை சத்தமாகக் கேட்டான், ஒரு சொல்லிலும் நிற்காமல்.